கழன்றதும் கழற்றியதும்

முதலில் ஒரு சின்ன விளையாட்டு. கீழே இருக்கும் பத்து வார்த்தைகளை ஒரே ஒரு தடவை, அவசரப்படாமல் படித்துவிடுங்கள். எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது.

கட்டில், தலையணை, போர்வை, கொட்டாவி, குறட்டை, கனவு, இரவு, ஓய்வு, தாலாட்டு, பாய்.

படித்தாயிற்றா? அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் கழித்து இதற்கு வருகிறேன்.

எங்கள் பேட்டையில் காலை நடைக்குப் போகும் பென்ஷன்தாரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. நாங்கள் நடக்கும் தூரத்தைவிட ஃபார்வர்டு செய்யும் சமாச்சாரங்கள் அதிகம். போன மாதம் ஒரு செய்தி வந்தது: "வேற்று மொழியில் யோசிப்பவர்களுக்குப் பொய் நினைவுகள் குறைவு, விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு." உடனே ஒருவர், "இதுக்குத்தான் சார் பேரன்கிட்ட வீட்ல இங்கிலீஷ்லயே பேசச் சொல்றேன்" என்று எழுதினார். போகட்டும், அவர் பேரன், அவர் பாடு. அடுத்து இன்னொருவர் எழுதினார்: "அப்ப வடக்கத்திப் பசங்களைத் தமிழ்லயே விசாரிச்சாப் போதும், உண்மையைக் கக்கிடுவானுங்க." அதற்குப் பதினோரு கட்டைவிரல்.

அந்தப் பதினோரு கட்டைவிரலுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆராய்ச்சிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அது புருடா இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் போவாஸ் கீசார் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் செய்து 2023-இல் வெளியிட்டது. சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, ஆங்கிலத்தைப் பிறகு கற்றவர்களை வைத்துச் செய்தார்கள். ஒரு சோதனையில், நான் மேலே கொடுத்ததுபோல வார்த்தைப் பட்டியல்கள். இன்னொன்றில், குற்றம் நடப்பதுபோன்ற பேச்சில்லாத வீடியோவைக் காட்டிவிட்டு, பிறகு அதைப் பற்றிய வர்ணனையை ஒலிபரப்பினார்கள். அந்த வர்ணனையில் வீடியோவில் இல்லாத சில விவரங்களையும் நுழைத்திருந்தார்கள். கேட்டவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் வர்ணனை ஆங்கிலத்தில் இருந்தபோது குறைவாக ஏமாந்தார்கள்.

அவர்கள் சொல்லும் காரணமும் நியாயமானதுதான். தாய்மொழி என்றால் மனம் சாவகாசமாக இருக்கிறது. வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரிக்காமல் உள்ளே விடுகிறது. வேற்று மொழி என்றால் வாசல் காவலாளி கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறான். "இது நிஜமாகவே நடந்ததா, இல்லை, பிறகு கேட்டதா?" என்று கூடுதலாக ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறான்.

சரி, இப்போது நம் விளையாட்டுக்கு வருவோம். மேலே திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கள்: பட்டியலில் 'போர்வை' இருந்ததா? 'நாற்காலி' இருந்ததா? 'தூக்கம்' இருந்ததா?

'தூக்கம்' இருந்தது என்று உங்களில் பலர் சொல்லியிருப்பீர்கள். சிலர் சத்தியம்கூடச் செய்வீர்கள். போய்ப் பாருங்கள், இல்லை. 1959-இல் ஜேம்ஸ் டீஸ் என்பவர் செய்து பார்த்த சோதனை இது. 1995-இல் ரோடிகர், மெக்டெர்மட் என்ற இருவர் தூசி தட்டி எடுத்து உலகப் புகழ்பெறச் செய்தார்கள். கட்டில், தலையணை, கொட்டாவி எல்லாம் சேர்ந்து, அழைக்காத உறவுக்காரரான 'தூக்க'த்தையும் பந்தியில் உட்கார வைத்துவிடுகின்றன.

தமிழை இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவரிடம் இதே பட்டியலைக் கொடுத்தால், அவர் 'தூக்கம்' என்று ஏமாறும் வாய்ப்பு குறைவு. ஏன்? அவர் மனதில் இந்த வார்த்தைகள் இன்னும் ஒன்றுக்கொன்று சொந்தமாகவில்லை. 'கொட்டாவி' என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கு அதன் அத்தை, மாமாவெல்லாம் எப்படி ஞாபகம் வரும்? அவர் ஏமாறாததற்குக் காரணம் எச்சரிக்கையாகவும் இருக்கலாம், வெறும் மொழிப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம். இதைத்தான் எங்கள் குழு நண்பர் "உண்மையைக் கக்கும் மருந்து" என்று புரிந்துகொண்டுவிட்டார்.

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர்களுக்கு மூன்று வசதிகள் இருந்தன. வர்ணனையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் தெரியும். "எனக்கு நினைவில்லை" என்று சொன்னால் யாரும் அடிக்கப் போவதில்லை, சம்பளத்தைப் பிடிக்கப் போவதில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: அவர்கள் கதை சொல்லவில்லை. பிறர் சொன்னதைக் கேட்டார்கள், கேள்விக்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்கள் வாயில் வராத வாக்கியத்தை வேறு யாரும் முடித்து வைத்து, கீழே "படித்துக் காட்டக் கேட்டேன், சரி" என்று எழுதவில்லை.

நம் ஊரில் மொழி கற்கிறவனுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

நான் சுருக்கெழுத்துத் தட்டச்சராக முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம், தொழிலாளர் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஓர் அலுவலகத்தில். எந்த ஊர் என்பது வேண்டாம். பட்டறைகள் நிறைந்த ஊர். சாட்சி சொல்வதை எழுதுவதுதான் வேலை. சாட்சி சொல்வதற்கும் பேப்பரில் ஏறுவதற்கும் நடுவில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பீகாரிலிருந்து வந்த பையன், இருபத்திரண்டு வயது. ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினான். வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை ஷிஃப்டில் வலது கையில் நாலு விரல் போய்விட்டது. இயந்திரத்தில் கை உள்ளே போகாமல் தடுக்கும் சேஃப்டி கார்டு அப்போது மாட்டியிருக்கவில்லை.

இங்கே சட்டத்தை ஒரு வரி தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது அமலில் இருந்த 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின்படி, தொழிலாளி கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்தான் என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் மூன்று விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதை வேண்டுமென்று அகற்றியது. மரணமோ, முழுமையான நிரந்தர ஊனமோ ஆகிவிட்டால் அந்த விதிவிலக்கு எடுபடாது. நாலு விரல் என்பது பகுதி ஊனம், அட்டவணைப்படி 50 சதவீதம். ஆகவே எடுபடும். கார்டு தானாகக் கழன்றிருந்ததா, வேறு யாராவது கழற்றினார்களா, இவனே கழற்றினானா? மொத்த வழக்கும் அந்த ஒரு வினைச்சொல்லில் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் எழுதப்பட்ட போலீஸ் வாக்குமூலத்தில் தெளிவாக இருந்தது: "சேஃப்டி கார்டை நானே கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தபோது..." அதை எழுதியது ஓர் ஏட்டு. மொழிபெயர்த்தது பட்டறையின் சூப்பர்வைசர்.

பதினாலு மாதம் கழித்து விசாரணை. அதற்குள் பையன் தமிழ் ஓரளவு பேசினான். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "கார்டைக் கழட்டினது நீதானே?" என்றார். "ஆமா சார், நான்தான் கழட்டினேன்" என்றான். அவன் வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது. அனுமதி வாங்கி, இந்தி டியூஷன் எடுக்கும் ஓர் அம்மாவை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தார். அந்த அம்மா குறிப்பாக எதையும் கேட்கவில்லை. "அன்னைக்குக் காலையில எழுந்ததுலேருந்து சொல்லுப்பா" என்று இந்தியில் சொன்னார். அவன் சொன்னான். டீ குடித்தது, யாரோ லீவு போட்டது, மெஷின் பக்கம் போனபோது கார்டு இல்லாமல் இருந்தது, கேட்டதற்கு "ஓட்டுடா" என்றது, எல்லாம் கோர்வையாக வந்தது. "அப்ப நீ கழட்டலையா?" என்றதும் நின்றுவிட்டான். ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு சொன்னதை அந்த அம்மா மொழிபெயர்த்தார்: "கழட்டினதும் ஞாபகம் இருக்கு. கையில் ஸ்பானர் இருந்த மாதிரி இருக்கு."

"எது சார் பொய்? இந்தியில் சொன்னதா, தமிழில் சொன்னதா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

அடுத்த வாய்தாவில் பட்டறையின் பராமரிப்பு நோட்டை வரவழைத்தார்கள். விபத்துக்கு இரண்டு நாள் முன்பே கார்டு வெல்டிங்குக்குப் போனதாக அதில் எழுதியிருந்தது. திரும்பி வந்ததாகப் பதிவில்லை. அங்கே இல்லவே இல்லாத கார்டை எப்படிக் கழற்ற முடியும்? ஆனால் அந்தப் பையனுக்கு ஸ்பானர் பிடித்த ஞாபகம் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குள் ஒரு பொய் நினைவு குடிவைக்கப்பட்டிருந்தது.

எப்படிக் குடிவைக்கப்பட்டது? ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய் என்று கேட்டபோது அவன் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "கார்டு கழட்டி, சொன்னேன்." அவ்வளவுதான். தமிழ் கற்க ஆரம்பிக்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். "நான் சாப்ட்டு", "அவன் போயி", "கார்டு கழட்டி" என்று பாதி வினையோடு நிறுத்துவார்கள். நம் மொழியில் யார் செய்தது என்பது வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. கழட்டினேன், கழட்டினான், கழட்டினாங்க. அந்த வால் கடைசியில்தான் கைவரும். கார்டு கழட்டிய நிலையில் இருந்தது என்று சொல்ல வந்தவன் வாலில்லாமல் விட்டான். சூப்பர்வைசர் அதற்கு 'ஏன்' என்ற வாலை ஒட்டினார். ஏட்டு அதை எழுதினார். 'ஆன்' ஒட்டியிருந்தால் வேறு ஒருவன் மாட்டியிருப்பான். 'ஆங்க' ஒட்டியிருந்தால் முதலாளி மாட்டியிருப்பார். சூப்பர்வைசர் எந்த வாலைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியில் இந்த வேறுபாடு இல்லாமலில்லை. 'குலா' என்றால் திறந்திருந்தது, 'கோலா' என்றால் திறந்தான். நம்முடைய கழன்றது, கழற்றினான்; உடைந்தது, உடைத்தான் மாதிரியேதான். அந்தப் பையன் தன் மொழியில் பிசகாமல் சொல்லக்கூடியவன். நாம்தான் அவனை, பிசகாமல் சொல்ல முடியாத மொழியில் சொல்ல வைத்தோம்.

பிறகு பதினாலு மாதம். பார்த்தவர்கள் எல்லோரும், "நீயேதானேடா கழட்டினே" என்கிறார்கள். இவனும் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் அதையே திருப்பிச் சொல்கிறான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வாக்கியம் தடிக்கிறது, அன்றைய காலை மெலிகிறது. ஒரு நாள் கையில் ஸ்பானர் வந்துவிடுகிறது.

இது நடக்குமா என்று சந்தேகப்படுபவர்கள், எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் செய்த சோதனையைப் படிக்கலாம். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். "கார்கள் ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டபோது என்ன வேகம்?" என்று கேட்டபோது சராசரியாக மணிக்குச் சுமார் 40 மைல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டபோது சுமார் 32. படம் ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் வேறு. இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். 'நொறுக்கிய' குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'இடித்த' குழுவில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

அவர்கள் எல்லோரும் அந்த மொழியை நன்றாக அறிந்தவர்கள். அவர்களையே ஒரு வினைச்சொல் இப்படி ஆட்டிவைக்கிறது. இனி மொழி கற்கிறவனை யோசியுங்கள். நமக்கு உரசியது, தட்டியது, இடித்தது, மோதியது, நசுக்கியது என்று ஒரு வரிசையே இருக்கிறது. அவனுக்குத் தெரிந்தது 'இடிச்சிருச்சு' ஒன்றுதான். உரசினாலும் இடிச்சிருச்சு, நசுக்கினாலும் இடிச்சிருச்சு. கேள்வி கேட்கிறவர் வினையைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து என்கிறது லாஃப்டஸின் சோதனை. இங்கே அவனுடைய ஏழை அகராதியே வினையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

வினைச்சொல்லில் பணமும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி என்ற இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மேடை நிகழ்ச்சி ஒன்றில் பாடகியின் உடை கிழிந்த பிரபலமான சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றில் கூடப் பாடியவர் 'கிழித்தார்'. இன்னொன்றில் உடை 'கிழிந்தது'. வீடியோவைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட, 'கிழித்தார்' என்று படித்தபோது அதிக அபராதம் விதிக்கச் சொன்னார்கள். கழன்றதற்கும் கழற்றியதற்கும் நடுவில் நாலு விரலின் விலை இருக்கிறது என்று நான் சொன்னால் அது அலங்காரப் பேச்சில்லை.

இன்னொரு வாலையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'ஆம்' என்று ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. 'அடிச்சான்' என்றால் நான் பார்த்தேன். 'அடிச்சானாம்' என்றால் எவரோ சொல்லக் கேட்டேன். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒரே எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். கண்ணால் கண்டதைக் கண்டவனே சொல்ல வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் ஆதாரம். புதிதாகத் தமிழ் பேசுகிறவன் அந்த 'ஆமை'த் தவறவிட்டுவிடுவான். கேள்விப்பட்டதைச் சொல்ல வந்தவன் பேப்பரில் நேரடிச் சாட்சி ஆகிவிடுவான். உளவியலில் மார்சியா ஜான்சன் போன்றவர்கள் இதைத்தான் வலியுறுத்தினார்கள்: ஒரு விஷயம் நினைவில் இருப்பது வேறு, அது எங்கிருந்து வந்தது என்பது நினைவில் இருப்பது வேறு. முன்னது தங்கிவிடும், பின்னது சீக்கிரம் உதிர்ந்துவிடும். "நீ பார்த்தேன்னு சொன்னியே" என்று நாலு பேர் சொன்ன பிறகு, பார்க்காததும் கண்முன் வந்து நிற்கும்.

அப்புறம் அந்த "ஆமா சார்". மொழி அரைகுறையாகத் தெரிந்த இடத்தில் மனிதன் முதலில் கற்கும் தற்காப்பு அதுதான். கேள்வி முழுதாகப் புரியவில்லை, எதிரில் அதிகாரி, அவர் முகத்தில் எந்தப் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆமா சார். இது வடக்கத்திக்காரர்களின் குணமில்லை, உலகப் பொதுவானது. ஆஸ்திரேலியாவின் பூர்வகுடி மக்கள் ஆங்கிலத்தில் விசாரிக்கப்படும்போது இப்படிச் சம்மதித்துக்கொண்டே போவதை அங்குள்ள நீதிமன்றங்கள் கவனித்தன. 1976-இலேயே வடக்குப் பிரதேச உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபார்ஸ்டர், அனுங்கா என்பவரின் வழக்கில் போலீசுக்கு விதிகளே வகுத்தார். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவருக்கு நம்பிக்கையான ஒருவர் கூட இருக்க வேண்டும். எதிர்பார்க்கும் பதிலைக் கேள்வியிலேயே வைக்கக் கூடாது. எல்லாம் அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. நாம் இன்னும் சூப்பர்வைசரை வைத்து மொழிபெயர்க்கிறோம்.

இனி, நம்மவர்கள் பக்கம் வாருங்கள். போருக்குத் தப்பி லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் போன ஈழத் தமிழர்கள் எத்தனை பேர் அதிகாரிகள் முன் உட்கார்ந்து தம் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது! முதல் பேட்டியில் சொன்னதும் இரண்டாம் பேட்டியில் சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்றால் "நம்பத்தகுந்தவர் அல்ல" என்று எழுதிவிடும் ஆபத்தை அவர்கள் அறிவார்கள். ஜேன் ஹெர்லிஹியும் சகாக்களும் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கொசோவோ, போஸ்னியா அகதிகளிடம் ஒரே சம்பவத்தைப் பற்றி இடைவெளி விட்டு இரண்டு முறை கேட்டார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே பிரிட்டனில் தங்க அனுமதி கிடைத்திருந்தது. பொய் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. அப்படியும் இரண்டு முறை சொன்னதில் முரண்பாடுகள் சகஜமாக இருந்தன. முரண்பாடு மட்டுமே பொய்க்குச் சான்றாகாது என்பதுதான் அதன் பாடம். இதை நம்மவர்களுக்காக நாம் எத்தனை தடவை பேசியிருக்கிறோம்! அதே நியாயம் நம் ஊர்ப் பட்டறையில் விரல் இழந்தவனுக்குக் கிடையாதா?

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். குழுவில் கேட்டும்விட்டேன்.

"தமிழ்நாட்டுக்கு வந்தால் தமிழ் கற்றுக்கொள்ளட்டும்." கற்றுக்கொள்ளட்டும், கற்றுக்கொள்கிறார்கள். டீக்கடையில் கணக்குச் சொல்ல, பஸ்ஸில் ஏற, கூலி கேட்க ஆறு மாதத் தமிழ் போதும். வலது கையை எப்படி இழந்தேன் என்று சொல்ல அது போதாது. நாம் பள்ளியில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் படித்தவர்கள். வயிற்று வலியை டாக்டரிடம் இங்கிலீஷில் மட்டும் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சரியான நோய்க்கு மருந்து வாங்குவோம்?

"இது இந்தித் திணிப்புக்கு வழிவிடும்." நேர்மாறு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-இல் சட்டசபை தீர்மானமே போட்டது. எதற்காக? தன் வழக்கு தனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. அந்த வாதத்தின் பலமே அது எல்லோருக்கும் பொருந்துவதில் இருக்கிறது. சோனிபட்டிலோ சூரத்திலோ வேலை பார்க்கும் தமிழனுக்கும், நம் ஊரில் இருக்கும் ஒடியா, பீகாரி, வங்காளிக்கும் ஒரே நியாயம். எனக்கு மட்டும் என்றால் அது நியாயம் இல்லை, சலுகை.

"அவன் மொழியில் கேட்டால் வசதியாகப் பொய் சொல்வான்." சொல்லலாம். பொய்யன் எந்த மொழியிலும் உண்டு. ஆனால் அவன் மொழியில் சொன்ன பொய் அவன் பொய்யாக இருக்கும். அதைக் குறுக்கு விசாரணையில் பிடிக்கலாம். அரைத் தமிழில் எழுதிக்கொண்டது யாருடைய பொய் என்றே பிரிக்க முடியாது.

"ஆள் எங்கே, காசு எங்கே?" இதற்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். சட்டத்தில் வழி ஏற்கெனவே இருக்கிறது. சாட்சி வேறு மொழியில் சொன்னால் அந்த மொழியிலேயே எழுதலாம், முடியாவிட்டால் உடனுக்குடன் சரியான மொழிபெயர்ப்பைத் தயாரிக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 277-ஆம் பிரிவு சொன்னது. மொழிபெயர்ப்பவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர் என்றது 282-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்திலும் இவை வேறு எண்களில் இருக்கின்றன. போலீஸ் எடுக்கும் சாட்சி வாக்குமூலத்தை ஒலி, ஒளிப்பதிவாகவும் எடுக்கலாம் என்று 2009-இல் திருத்தமே வந்தது. எடுக்கலாம். அந்த 'லாம்' நம் ஊரில் 'வேண்டாம்' ஆகிவிட்டது. ஏட்டு முதல் முதலாளி வரை எல்லார் சட்டைப் பையிலும் போன் இருக்கிறது. பதிவு செய்ய அதற்குமேல் என்ன காசு வேண்டும்?

நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று: விபத்தோ அடிதடியோ, சம்பந்தப்பட்டவர் முதல் தடவை சொல்வதை அவர் மொழியில் சொல்லவிட்டு, குரலைப் பதிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பு நாளைக்குக்கூட நடக்கட்டும். முதல் சொல் கலப்படமில்லாமல் இருந்தால், பிறகு எவர் எந்த வாலை ஒட்டினாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டு: வழக்கில் லாப நஷ்டம் உள்ளவர் மொழிபெயர்க்கக் கூடாது. காண்ட்ராக்டர், மேஸ்திரி, சூப்பர்வைசர், லாரி ஓனரின் மைத்துனர், யாரும் வேண்டாம். பள்ளிக்கூட இந்தி டீச்சர், கல்லூரிப் பிள்ளைகள், ரயில்வேயில் வடக்கே வேலை பார்த்துத் திரும்பிய என் போன்ற கிழங்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்போம். தாலுகாவுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, வந்தால் ஆட்டோ சார்ஜும் ஒரு காபியும் கொடுங்கள்.

மூன்று: "கழட்டினது நீதானே?" என்று கேட்காதீர்கள். "என்ன நடந்தது, முதல்லேருந்து சொல்லு" என்று கேளுங்கள். பதிலைத் தனக்குள் வைத்திருக்கும் கேள்வியைத் தன் தரப்புச் சாட்சியிடம் வக்கீல் கேட்டாலே எதிர்த்தரப்பு எழுந்து ஆட்சேபிக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவனுக்காக எழுந்து ஆட்சேபிக்க அங்கே எவரும் இல்லை.

நான்கு: அவர் சொன்னதும் பேப்பரில் இருப்பதும் முரண்பட்டால், "நீ எப்போது பொய் சொன்னாய்?" என்று கேட்பதற்கு முன், "இந்த வாக்கியத்தை முதலில் எந்த மொழியில், யார் முன்னிலையில் சொன்னாய்?" என்று கேளுங்கள்.

அந்தப் பையனுக்குக் கடைசியில் பணம் கிடைத்தது. பராமரிப்பு நோட்டை எழுதிய புண்ணியவான் ஒழுங்காகத் தேதி போட்டு எழுதியிருந்தார். அவனுடைய நினைவை நம்பியிருந்தால் தோற்றிருப்பான், ஏனென்றால் அவன் நினைவே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எல்லாப் பட்டறையிலும் அப்படி நோட்டு எழுதுவதில்லை.

நாம் ஒருவனுடைய பொருளை எடுத்தால் திருட்டு என்று சட்டம் சொல்கிறது. அவன் கூலியைப் பிடித்தால் அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அவன் ஞாபகத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் நமக்குச் சௌகரியமான வேறொன்றை வைத்துவிட்டு, அவனையே அதற்குக் கைநாட்டு வைக்கச் சொல்கிறோமே, அதற்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. பதினோரு கட்டைவிரல் காட்டிய நண்பர்கள் யோசித்து ஒரு பெயர் சொல்லட்டும். தமிழிலேயே சொல்லட்டும்.